பூனையை மூடி வைத்த நாள்

நம் காலத்தில் பூனைக்குப் பெயர் கிடையாது. நாய்க்கு உண்டு, மாட்டுக்கு உண்டு, சில வீடுகளில் பலா மரத்துக்குக்கூட உண்டு. பூனை வெறும் பூனைதான். கூப்பிட வேண்டுமானால் ‘பூஸ் பூஸ்’, விரட்ட வேண்டுமானால் ‘ச்சூ’. அதற்கும் நமக்கும் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி, மகன் வீட்டுப் பூனைக்குப் பிறந்தநாள் என்று படம் போட்டிருந்தாள். கழுத்தில் ரிப்பன், முன்னால் கேக். நீங்கள் எல்லோரும் இதயம் போட்டீர்கள். நானும் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அந்தப் படத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் மகளே சேலத்தில் மூன்றாவது மாடியில் இரண்டு பூனை வளர்க்கிறாள். அவற்றின் தடுப்பூசிச் சீட்டு என் மருந்துச் சீட்டைவிட ஒழுங்காக இருக்கிறது.

நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. போன வருஷம் ஏற்காட்டில் நாம் எல்லோரும் கூடிச் சாப்பிட்டோமே, அன்று நான் மைக்கைப் பிடித்து என் அத்தையைப் பற்றி ஒரு கதை சொன்னேன். கை தட்டினீர்கள். ஒருத்தி எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அந்தக் கதை தப்பு. நடந்ததாக நான் சொன்னதெல்லாம் நடந்ததுதான், ஆனாலும் கதை தப்பு. அன்று வராதவர்களும் இருக்கிறீர்கள் என்பதால் முதலில் இருந்தே சொல்கிறேன். தபால் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்தவள் நான், தப்பான வீட்டுக்குப் போன கடிதத்தைத் திரும்ப வாங்கிச் சரியான வீட்டில் சேர்ப்பது எனக்குப் பழக்கம்தான்.

எங்கள் வீடு மஞ்சக்குட்டைக்கு மேலே, ஜீப் வரும் பாதை முடிகிற மேட்டில் இருந்த ஐந்து வீடுகளில் கடைசி வீடு. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. கொஞ்சம் ராகி, கொஞ்சம் சாமை, வீட்டைச் சுற்றிக் காப்பிச் செடி. எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தைக்கு இருபத்து மூன்று. அந்தக் காலத்துக் கணக்கில் அது அதிகம்.

பூனையை நாங்கள் வாங்கவில்லை. சாம்பல் நிறத்தில் வரி போட்ட பெட்டைப் பூனை, ஒரு மழைக்கு ஒதுங்கி வந்து அப்படியே தங்கிவிட்டது. தானியமும் காப்பி மூட்டையும் அடுக்கிய உள்ளறையில்தான் அதற்கு வேலை. எலி சாக்கைக் கடித்து உள்ளே போனால் காப்பிக்கொட்டையில் மூத்திர வாடை ஏறிவிடும், வியாபாரி மோந்து பார்த்துத் தள்ளிவிடுவார். ஆகவே பூனை வேண்டும். சோறு வைத்துப் பழக்கக் கூடாது, வைத்தால் எலி பிடிக்காது என்று அப்பா சொல்வார். அத்தை மட்டும் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அடிச்சட்டிப் பாலை வாசற்கல்லில் ஊற்றிவிட்டு, சிந்திவிட்டது என்பாள். அதை யாரும் கேட்கவில்லை.

வருஷம் முழுக்க வேலை வாங்குவோம். ஆனால் ஒரு நல்ல காரியத்துக்கு யாராவது கிளம்பினால் அன்று மட்டும் அது நமக்கு விரோதி. குறுக்கே வந்துவிட்டால் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். பெரிய காரியம் என்றால் போகவே கூடாது. அடிக்கலாம், கல்லை விட்டு எறியலாம், சாகடிக்க மட்டும் கூடாது. பூனை செத்த பாவம் அந்த வீட்டையும் அந்த வீட்டுக்கு உறவாக வருகிறவர்களையும் சேர்த்துப் பிடிக்கும், தங்கத்தில் பூனை செய்து தானம் கொடுத்தாலும் தீராது என்று அம்மா சொல்வாள். எங்கள் வீட்டில் இருந்த தங்கத்துக்கு ஒரு பூனையின் காது வந்திருக்கும்.

அத்தையை முதலில் பார்க்க வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போய், பிறகு பேச்சையே எடுக்கவில்லை. இரண்டாவதாக மாரமங்கலத்தில் இருந்து வருவதாக இருந்தது. அவர்கள் ஜீப் எங்கள் மேட்டுக்குக் கீழே உள்ள வளைவு வரை வந்திருக்கிறது. அங்கே ஏதோ ஓர் எஸ்டேட்டுப் பூனை குறுக்கே ஓடியிருக்கிறது. இறங்கி நின்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலம் ஜீப்காரர் வந்து சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அன்று செய்த பாசிப்பருப்புப் பாயசம் ஒரு குண்டா அப்படியே இருந்தது. நான் நாலு டம்ளர் குடித்தேன். எனக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அதற்குப் பிறகு தண்ணீர் எடுக்கிற இடத்தில் பேச்சு மாறிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு எங்கேயோ ஒரு தடை இருக்கிறது என்றார்கள். அப்பாவுக்கு அது காதில் விழுந்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை அவர். தங்கைக்குத் தகப்பன் இல்லாத குறை தெரியக் கூடாது என்று நினைத்தவர். மூன்றாவதாகக் கரடியூரில் இருந்து பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பியபோது அவர் அம்மாவிடம் சொன்னது எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

“இதுவும் திரும்பிப் போச்சுன்னா அப்புறம் இந்த மேட்டுக்கு ஒருத்தனும் வரமாட்டான். அம்மிணி இங்கியே கெடக்க வேண்டியதுதான்.”

அம்மிணி என்றது அத்தையை. அவள் அடுப்படியில்தான் இருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும்.

அப்போது தை பிறந்து நாலைந்து நாள். காப்பிப் பழம் பறிப்பு முடிகிற சமயம். பழம் பறித்த கையில் ஒரு கறுப்புக் கறை ஏறும், உங்களுக்கே தெரியும், சோப்புக்கெல்லாம் போகாது. அத்தை மூன்று நாளாகப் புளியைக் கரைத்து வைத்துக்கொண்டு விரல் விரலாகத் தேய்த்தாள். நகக்கண்ணை ஈர்க்குச்சியால் சுரண்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நான் ஏற்காட்டில் மைக்கில் சொல்லவில்லை. ஞாபகம் இல்லாமல் இல்லை, அன்று சொன்ன கதைக்கு அது ஒத்து வரவில்லை.

வருவதற்கு முதல் நாள் அப்பா ஒரு காரியம் செய்தார். நாலு வீட்டுக்கும் போய், நாளைக்குப் பத்து மணியில் இருந்து அவர்கள் திரும்பிப் போகும்வரை பூனைகளை அடைத்து வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மேட்டில் மொத்தம் ஏழு பூனை. யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு வீட்டுக்காரர் மட்டும், பொண்டாட்டியை வேண்டுமானால் அடைத்து வைக்கிறேன், அந்தக் கடுவன் பூனையை என்னால் ஆகாது என்றாராம். கடைசியில் அதையும் காப்பி மூட்டை அறையில் போட்டுத் தாழிட்டார்கள்.

எங்கள் பூனைக்குக் கூடை. பழம் பறித்துப் போடுகிற பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து, வீட்டுக்குப் பின்னால் அடுப்படியை ஒட்டிய சாய்ப்பில் அதற்குள் பூனையை மூடினார்கள். மேலே கல் வைத்தால் தள்ளிவிடும் என்று என்னை உட்காரச் சொன்னார் அப்பா. எழுந்திருக்கக் கூடாது, ஒன்றுக்கு வந்தாலும் அடக்கிக்கொள் என்றார். அதுவரை எனக்கு அந்த வீட்டில் அவ்வளவு பெரிய பொறுப்பு யாரும் கொடுத்ததில்லை. புதுப் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்தேன்.

அன்று பருவம் தப்பிய தூறல் ஒன்று பிடித்துக்கொண்டது. களத்தில் காய்ந்துகொண்டிருந்த காப்பியைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அதில் இருந்து வந்த புளிச்ச வாடையும் சாய்ப்பின் ஈர விறகு வாடையும் இப்போதும் எனக்கு வரும். கூடைக்குள் பூனை முதலில் உருண்டது, பிறகு பிராண்டியது, பிறகு கத்த ஆரம்பித்தது. மூங்கில் இடுக்கு வழியாக நகம் என் தொடையில் பட்டது. ஜீப் சத்தம் மேட்டில் ஏறும்போது அது குழந்தை அழுகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தது. அம்மா ஓடி வந்து, சத்தம் கேட்டால் அதுவும் ஆகாது, ஒரு சாக்கை எடுத்து மேலே போடு என்று சொல்லிவிட்டு ஓடினாள். நான் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டேன். நாலு பக்கமும் இழுத்துவிட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். சத்தம் குறைந்தது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். நான் சாய்ப்பில் இருந்ததால் அவர்களை உடனே பார்க்கவில்லை. அத்தை பச்சைச் சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து, உள்ளே ஒரு தடவை போய்க் காப்பி கொடுத்துக் கும்பிட்டுவிட்டு, பெரியவர்கள் பேசட்டும் என்று அடுப்படிப் பக்கம் வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே இருந்து என் பேரைச் சொல்லித் தண்ணீர்ச் சொம்பு கொண்டுவரச் சொன்னாள். நான் எழுந்திருக்காமல் அத்தையைப் பார்த்தேன்.

“நீ போ கண்ணு. நான் உக்காந்துக்கறேன்.”

புதுச் சேலையோடு அவள் அந்தச் சாக்கின் மேல் உட்கார்ந்தாள். நான் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

உள்ளே எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தொட்டாள். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார், அவர் சிரிப்பது அபூர்வம். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று அப்பா கேட்க, அதற்கென்ன என்று தாய்மாமன் எழுந்தார். அவர்கள் கொண்டுவந்த வெற்றிலைத் தட்டு ஜீப்பிலேயே இருந்தது. அதை எடுக்க அவர் வாசற்படியில் கால் வைத்தார். அடுப்படிப் பக்கம் இருந்து சாம்பல் நிறமாக ஏதோ வந்தது. என் காலை உரசிக்கொண்டு போனது. நேரே போய்த் தாய்மாமன் காலுக்கு முன்னால் இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கமாகத் தாண்டி, தூறலில் இறங்கித் தார்ப்பாய்க்கு அடியில் ஓடிவிட்டது.

தாய்மாமன் வெளியே வைத்த காலை உள்ளே எடுத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். என் கையில் இருந்த சொம்பை வாங்கித் தண்ணீர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்க்காமல் சொன்னார்.

“ஊட்டுல எல்லாருங் கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறமுங்க.”

அப்பா சரியுங்க என்றார். வேறென்ன சொல்வார். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது, அவர் அம்மா கையைத் தொட்டதும் எழுந்துவிட்டார். ஜீப் இறங்கிப் போகிற சத்தம் வளைவு தாண்டும் வரை கேட்டது. வெற்றிலைத் தட்டு அவர்களோடேயே போய்விட்டது.

அப்பா அதுவரை என்னை அடித்ததில்லை. அன்று காப்பிச் செடியில் ஒரு விளாறு ஒடித்துக்கொண்டு வந்து கெண்டைக்காலில் அடித்தார். கூடையை விட்டுவிட்டு எங்கே போனாய் என்று கேட்டுக்கேட்டு அடித்தார். என்னைச் சொம்பு கொண்டுவரச் சொன்ன அம்மா வாய் திறக்கவில்லை. அத்தை சாய்ப்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் சொல்லிவிடுவாள் என்று நான் காத்திருந்தேன். முதல் அடி, இரண்டாவது அடி என்று காத்திருந்தேன். நாலாவது அடியில் அவள் சொல்ல மாட்டாள் என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. நீதான் விட்டாயா என்று கேட்டதற்கு ஆமாம் என்றேன். சாயங்காலம் அத்தை வந்து என் காலில் விளக்கெண்ணெய் தடவினாள். அப்போதும் அவள் ஒன்றும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அப்பா பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டி ஜீப்பில் ஏறினார். சாகடித்துவிடாதீர்கள் என்று அம்மா வாசல்வரை சொல்லிக்கொண்டே போனாள். சாக்கு சும்மா இருந்தது. வழி தெரியாமல் போகட்டும் என்று அப்பா அதை ஏறுவதற்கு முன் மூன்று சுற்றுச் சுற்றினார்.

இரண்டு மூன்று வாரம் கழித்து உப்பும் அரிசியும் மண்ணெண்ணெயும் வாங்க அப்பாவோடு ஏற்காடு போனேன். கடைவீதியில் நாங்கள் வாங்குவது ஒரு பாய் கடையில். அவர் கடையில் எப்போதும் நாலைந்து பூனை இருக்கும். வீதியில் வேறு யாரும் பூனையைக் கடைக்குள் விடமாட்டார்கள், அவர் விரட்டமாட்டார். அன்று அரிசி மூட்டை மேல் எங்கள் பூனை படுத்திருந்தது. நன்றாகச் சதை போட்டிருந்தது. என்னைப் பார்த்தது, பிறகு கண்ணை மூடிக்கொண்டது. கடைக்காரர் அதைக் கவனித்துவிட்டு, இது உங்கள் வீட்டுப் பூனையா என்று கேட்டார்.

“எங்கூட்ல பூனையே இல்லீங்க” என்றார் அப்பா.

கடைக்காரர் மேற்கொண்டு கேட்கவில்லை. அது படுத்திருந்த மூட்டையைத் தொடாமல் பக்கத்தில் இன்னொரு மூட்டையைப் பிரித்து எங்களுக்கு அரிசி அளந்து போட்டார். பூனைக்காக ஒரு மனிதர் விட்டுக்கொடுத்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். அப்பா பார்க்காத மாதிரி நின்றார். நானும் பார்க்காத மாதிரி நின்றேன். அந்த மழைக்கே எங்கள் விதை ராகியில் பாதியை எலி தின்றுவிட்டது. அப்பா வேறொரு பூனை கொண்டுவந்தார், அதற்கும் பெயர் வைக்கவில்லை.

கரடியூரில் இருந்து யாரும் சொல்லி அனுப்பவில்லை. அப்பா சொன்னபடியே அந்த மேட்டுக்கு அப்புறம் ஒருவரும் வரவுமில்லை. அத்தை பழம் பறித்தாள், ராகி அறுத்தாள், அம்மா படுக்கையில் விழுந்தபோது நாலு வருஷம் பீ மூத்திரம் எடுத்தாள், அப்பாவுக்கும் எடுத்தாள். அப்பா அந்த அடியைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் சாகும்வரை என்னிடம் ஒரு காரியத்தை நம்பி விட்டதும் இல்லை. நான் வேலைக்குப் போய், பிள்ளை பெற்ற பிறகும் கதவைப் பூட்டிவிட்டு வந்தால், பின்னாலேயே போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார்.

எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும்போது ஒரு நாள் சேலம் ஆபீஸில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று உறைத்தது. கூடையில் உட்கார்ந்திருந்தது அத்தை. பூனையை விட்டது அத்தை. தெரிந்தேதான் விட்டிருக்கிறாள். கட்டிக்கொள்ள இஷ்டமில்லை, வாயால் சொல்ல வழியில்லை, பூனையை விட்டுச் சொல்லியிருக்கிறாள். எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று வியந்தேன். என் காலில் விழுந்த அடிக்கும் ஒரு அர்த்தம் கிடைத்தது. அத்தைக்காக வாங்கிய அடி அது என்று ஆனதும் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. என் மகளுக்கு அதைச் சொல்லிச் சொல்லியே வளர்த்தேன். ஒரு வரனை அவள் வேண்டாம் என்றபோது, நான் என்ன, அந்தச் சின்னப் பாட்டி மாதிரி பூனையையா விட வேண்டும், நேராகவே சொல்கிறேன் என்றாள். வீடே சிரித்தது. அதைத்தான் உங்களிடமும் சொன்னேன்.

அத்தையிடம் மட்டும் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. எனக்குத் தெரிந்த விஷயத்தை எதற்குக் கேட்பது.

அத்தை இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். எழுபத்தெட்டு வயது, தனியாகத்தான் பொங்கித் தின்கிறாள். மாதம் இரண்டு தடவை நான் பஸ் ஏறி மேலே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போன மாதம் போனபோது, நான் மைக்கில் பேசியதை உங்களில் ஒருவர் எடுத்து அனுப்பிய வீடியோவைக் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். போனை முகத்துக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு முழுசாகப் பார்த்தாள். கைதட்டல் முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். இரண்டாவது தடவையும் பார்த்துவிட்டு, இது யாரைச் சொல்கிறாய் என்று கேட்டாள். உங்களைத்தான் அத்தை என்றேன்.

“நான் எங்க கண்ணு வேண்டாம்னு சொன்னேன்?”

அவள் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்.

“நீ போனதும் செத்த நேரம் கத்திட்டேதான் இருந்துது. அப்புறம் சத்தத்தையே காணம். நீ ரெண்டு சாக்கைப் போட்டு அமுக்கி வெச்சிருந்தே. தட்டிப் பாத்தேன், அசையல. மூச்சு முட்டிச் செத்துப் போச்சோன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு ஊட்டுல பூனை செத்தா, அந்தப் பாவம் அவரையில்ல போயிப் புடிக்கும். ஒரு வெரக்கடை கூடையத் தூக்கிப் பாத்தேன். அவ்வளவுதான் சாமி.”

அவரை என்று சொன்னாள். ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் காப்பி கொடுத்த நேரம் மட்டும் பார்த்த ஒரு மனிதரை.

அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என்னை அடிக்கும்போது ஏன் சும்மா நின்றீர்கள் என்றுதான் கேட்க நினைத்தேன், வாய் அப்படி வரவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

“சொல்லியிருந்தா, பொண்ணே பூனைய அவுத்து உட்டுட்டா, அவளுக்கே இஷ்டமில்லையாமான்னு கரடியூர் வரைக்கும் பேச்சுப் போயிருக்கும். அவங்க மனசு மாறித் திரும்பி வருவாங்கன்னு நான் இருந்தேன் கண்ணு. நீ சின்னப் புள்ள, ரெண்டு நாள்ல ஆறிரும்னு நெனச்சுட்டேன்.”

எத்தனை நாள் அப்படி இருந்தீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று ஜீப்காரர் வந்து சொன்ன வரைக்கும் என்றாள். அது அடுத்த தையில்.

அவ்வளவு பிடித்திருந்ததா என்றேன். அவள் அரிசியைத் தடவிப் பரப்பினாள். அவர்கள் வந்து இறங்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம். அவருடைய அம்மா செருப்பைத் தூறலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட, அவர் திரும்பிப் போய் அந்தச் செருப்பை எடுத்துத் தண்ணீரை உதறி இறவாணத்துக்கு அடியில் நனையாமல் வைத்தாராம். அதைச் சொல்லிவிட்டு அத்தை, “நொம்பப் புடிச்சுது” என்றாள். குழம்புக்கு உப்புச் சரியாக இருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. அந்தச் சாக்குகளை இழுத்து மூடியது என் கை, அதை வெற்றி என்று சொல்லி நாற்பது வருஷம் ஊரெல்லாம் பரப்பியது என் வாய் என்பது தெரிந்தது. தெரிந்து என்ன செய்வது. முறத்தை வாங்கி மிச்சக் கல்லை நான் பொறுக்கினேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தபோது, அத்தை என் கையைப் பிடித்தாள். அந்த வீடியோவை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று கேட்டாள். எங்கள் வகுப்புக்காரர்கள் ஒரு முப்பது பேர் என்றேன்.

“அதுல கரடியூர்க்காரங்க ஆராச்சும் இருக்காங்களா?”

இருக்கிறார்கள் என்றேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எழுபத்தெட்டு வயதில் யாருக்கும் அப்படி ஒரு பயம் இருக்கக் கூடாது.

“அவங்ககிட்ட மட்டும் சொல்லிரு கண்ணு. நான் வேண்டாம்னு சொல்லலீன்னு.”

கரடியூரில் இருந்து நம்மோடு படித்தவர்கள் இரண்டு பேர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். அவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், அல்லது விசாரித்தால் தெரியும். இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அத்தையும் கேட்கவில்லை. இருந்தால் போய்ச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் எனக்குத் தகவல் அனுப்ப வேண்டாம், சொல்லியாகிவிட்டது என்று நான் அத்தையிடம் சொல்லிக்கொள்கிறேன்.